மேடைப் பெயர்

சட்டையின் கடைசிப் பித்தான் துளைக்குள் போக மறுத்தது. இராஜம் புருஷனின் விறைத்த கழுத்துக்குக் கீழே விரலை நுழைத்து இழுத்துப் பார்த்தாள். அது அவன் மேடையில் போடுகிற சிவப்புச் சட்டை. கழுத்தோரம் முழுக்க ஜிகினா. கல்யாண வீட்டு வெளிச்சத்தில் ஜொலிப்பது, இந்தப் பிண அறையில் மீன் செதிள் மாதிரி மங்கிக் கிடந்தது.

"விட்டிடுங்க தங்கச்சி, அது அப்படியே ஈக்கட்டும்" என்றான் புவாட். மாவனல்லைக்காரன், புருஷனின் பாட்டுக் கோஷ்டியில் பொங்கோ அடிப்பவன். காலையில் வேனில் வந்து தோட்டத்திலிருந்து அவளைக் கூட்டி வந்தவன் அவன்தான். "பழனிக்குக் கொஞ்சம் கடுமையா ஈக்கி" என்று மட்டுமே சொல்லியிருந்தான். விடியும்போதே உயிர் போய்விட்டது என்பதை ஆஸ்பத்திரி வாசலில்தான் வாய் திறந்து சொன்னான்.

கேகாலை டவுன் நெருங்கும்போது, "பொட்ட அழிச்சிடுங்க, இன்னம் ஆக்கள்ட மனசு ஆறல்ல" என்றான். தமிழர்களை அடித்து எரித்த ஆவணிக் கலவரம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளும் முந்தானையை எச்சிலில் தொட்டு அழித்தாள். புருஷன் உயிரோடு படுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, தன் கையாலேயே அழித்தாள். அதை எண்ணும்போது அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"நானா, வேனப் பின்பக்கம் கொண்டாங்க. தோட்டத்துக்குப் போயிடுவோம்."

நானா என்று அவள் அண்ணனாக அழைத்த புவாட், அறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினான்.

"அத்தை வாசல்லயே குந்திக்கிட்டு இருக்காங்க. எப்பிடின்னாலும் எங்கிட்டக் கொண்டாந்துடுன்னு சொல்லித்தானே அனுப்புனாங்க. பெத்தவ கையால வாய்க்கரிசி விழ வேணாமா?"

"எங்க கொண்டு போற? லயத்து ஊடுகள எல்லாம் எரிச்சிட்டானுகள். நீங்க எல்லாரும் ரப்பர் ஸ்டோர்ல படுத்துக் கெடக்கிறீங்க. சந்தீல நிக்கிறவனுகள் பெட்டியத் தொறந்து பாப்பானுகள். எங்கட பாலித ஏன் தெமளத் தோட்டத்துக்குப் போறான் எண்டு கேட்டா, நான் என்னத்தச் செல்ற?"

பழனிமுத்து தெமளன், அதாவது தமிழன். பாலித என்ற சிங்களப் பெயரை அவன் பிறந்தபோது யாரும் வைக்கவில்லை. கோஷ்டியை நடத்தும் அக்கார்டியன் சிறிசேன வைத்த பெயர் அது. கேகாலையில் அப்போதெல்லாம் பாட்டுக்குப் பஞ்சமில்லை. பஸ் ஸ்டாண்டுத் தேத்தண்ணிக் கடையில் இசைத்தட்டு சுழலும். ரேடியோக் கடை வாசலில் ஒலிபெருக்கி அலறும். கார்னிவல் வந்துவிட்டால் பைலா என்கிற துள்ளல் பாட்டுக் கோஷ்டிகளுக்குள் வெட்டுக்குத்து நடக்காத குறைதான். ஒருத்தன் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினால் மற்றவனுக்குத் தூக்கம் வராது. பாடுவதற்கு ஆள் தேடி அலைந்த சிறிசேனவின் கண்ணில் பழனிமுத்து பட்டான். காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு, பின்னேரம் ரேடியோக் கடை வாசலில் வந்து நின்று, கேட்கிற பாட்டையெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு போகிறவன். குரல் தேன். பெயர்தான் இடைஞ்சல். "இனி நீ பாலித. என் சின்னம்மா மகன்" என்றார் சிறிசேன. இவனும் தலையை ஆட்டிவிட்டு வந்து, "இந்தா பாரு, இனிமே நீ பாலித பொண்டாட்டி. சிங்களத்தி மாதிரி ஒசரி கட்டிப் பழகிக்க" என்று இராஜத்தைக் கேலி பண்ணினான். மாவனல்லை முஸ்லிம் வீடுகளுக்குத் தமிழ்ப் பாட்டு, கேகாலைக்குச் சிங்களப் பாட்டு என்று வருஷங்கள் ஓடின. ஊரே அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

கலவரத்தன்று தாயும் மகனும் மருமகளும் ரப்பர் காட்டுக்குள் மழையில் பதுங்கிக் கிடந்தார்கள். கீழே லயம் எரிந்தது. எரித்துவிட்டுத் திரும்பிய லொறியிலிருந்து கைதட்டலோடு ஒரு பைலா கேட்டது. அவன் மேடையில் பாடுகிற பாட்டு. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "மெட்டத் தப்பாப் பாடுறானுங்க" என்றான். இராஜம் அவன் வாயைப் பொத்தினாள். உடம்பு அப்போதே கொதித்தது.

அந்தக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. அப்படியும் ஒரு கல்யாண வீட்டுக்குப் பாடப் போனான். போகாவிட்டால் பாலித எங்கே என்று தேடுவார்களாம். பாட்டு நடுவில் மைக்கைப் பிடித்தபடியே சரிந்துவிட்டான். சிறிசேன தன் தம்பி என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

இப்போது அதே சிறிசேன கையெழுத்துப் போட்டுவிட்டு, கண் சிவக்க வந்து நின்றார். இராஜத்திடம் சிங்களத்தில் தாழ்ந்த குரலில் பேசினார்.

"என் வீட்டுக்குக் கொண்டுபோவோம். இன்றைக்கே முடித்துவிட வேண்டும், வைத்திருந்தால் ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள். ராஜாவைப் போல அனுப்பிவைக்கிறேன். நீ ஒன்று மட்டும் செய்ய வேண்டும். அங்கே தமிழில் அழுதுவிடாதே."

இராஜத்துக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கண்டக்டரோடு சண்டை போடுவாள், சந்தையில் விலை பேசுவாள், பகடி பண்ணுவாள். அழத்தான் தெரியாது. அந்தப் பாஷையில் அழுகிற மாதிரி அவளுக்கு இதுவரை ஒன்றும் நேர்ந்ததில்லை. தோட்டத்தில் யார் செத்தாலும் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். அதில் இராஜத்தின் குரல்தான் முதலில் எழும்பும்.

"அத்தைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றாள். சிறிசேன பெட்டியைத் தூக்க ஆட்களைக் கூப்பிட்டார்.

சிறிசேனவின் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். டவுனே வந்திருந்தது. போட்டிக் கோஷ்டிக்காரர்கள், ரேடியோக் கடைக்காரர், பஸ் ஸ்டாண்டு இளவட்டங்கள். சிலர் தேம்பித் தேம்பி அழுதார்கள். இதில் லொறியில் வந்தவன் எவன், வராதவன் எவன் என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லார் கண்ணிலும் ஒரே மாதிரிக் கண்ணீர்தான் இருந்தது.

அவள் குசினிப் பக்கம் ஒதுங்கி நின்றாள். அடிவயிற்றிலிருந்து ஒப்பாரி எழும்பி எழும்பித் தொண்டையை முட்டியது. முந்தானையை வாய்க்குள் திணித்துக் கடித்தாள். செத்துப் போய்விடலாம் என்றிருந்தது.

ஒரு பெண் வந்து, "அக்கே, நீங்கள் பாலிதவுக்கு யார்?" என்று கேட்டாள்.

"உடுப்புத் துவைக்கிறவள்" என்று சிங்களத்தில் சொன்னாள் இராஜம். அந்தச் சிவப்புச் சட்டையை வேறு யார் துவைத்தார்கள்?

"அப்படியென்றால் இந்தக் கோப்பைகளைக் கொஞ்சம் கழுவிக் கொடுங்கள். ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்."

இராஜம் கழுவினாள். புருஷனின் சாவு வீட்டில் உட்கார்ந்து, வந்தவர்கள் குடித்த எச்சில் கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழுவி அடுக்கினாள்.

பிக்கு வந்துவிட்டார் என்றார்கள். சத்தம் அடங்கியது. பெட்டிக்கு முன்னால் பாய் விரித்து, ஒரு தட்டில் கோப்பையும் பக்கத்தில் தண்ணீர்க் கெண்டியும் வைத்தார்கள். செத்தவருக்குப் புண்ணியம் சேர, இரத்த உறவுகள் கெண்டியைச் சேர்ந்து பிடித்து, கோப்பை நிரம்பி வழியும்வரை ஊற்ற வேண்டும். அது அவர்கள் வழக்கம்.

"சொந்தக்காரர் வந்து உட்காருங்கள்" என்றார் பிக்கு.

சிறிசேன மட்டும் உட்கார்ந்தார். பாய் காலியாகக் கிடந்தது. இத்தனை பெரிய பாடகனுக்கு ஒரே ஒரு சொந்தம்தானா என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். இராஜத்தின் கால் தானாக நடந்தது. ஈரக் கையைச் சேலையில் துடைக்கக்கூட இல்லை. போய்ப் பாயில் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். கதவோரம் நின்ற புவாட்டின் முகம் வெளுத்தது.

"இது யார்?" என்று ஒருவன் கேட்டான்.

சிறிசேன அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தார். "நங்கி" என்றார். "பாலிதவின் சொந்தத் தங்கச்சி. தூரத்திலிருந்து வந்திருக்கிறாள்."

கோப்பை கழுவச் சொன்ன பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவள் வாய் திறந்தது. இராஜத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள், பிறகு வாயை மூடி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இறந்தவர் பெயர்?" என்று பிக்கு கேட்டார்.

"பாலித, சாமி."

ஓதல் தொடங்கியது. இரண்டு பேரும் கெண்டியைச் சாய்த்தார்கள். தண்ணீர் நூலாக இறங்கியது. இந்தப் புண்ணியமெல்லாம் பிறக்காத ஒருவனுக்குப் போகிறதே என்று இராஜத்துக்குப் பதறியது. தோட்டத்தில் கட்டினவள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். தாலி ஏறிய நாளிலிருந்து அவள் வாயில் அது வந்ததே கிடையாது. தங்கச்சி சொல்லலாம். தங்கச்சிக்குத் தடையில்லை.

அவள் கோப்பைக்கு மேலே நன்றாகக் குனிந்தாள்.

"பழனிமுத்து" என்றாள்.

ஓதுகிற சத்தத்தில் அது சிறிசேனவுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அவர் கெண்டியை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். அவள் மறுபடியும் சொன்னாள். மறுபடியும் சொன்னாள். கோப்பை நிரம்பித் தட்டில் வழிந்தது. தட்டும் நிரம்பியது. ஓதல் முடிந்து சிறிசேன கையை எடுத்துக்கொண்டார். தண்ணீர் பாயை நனைத்துக்கொண்டு வந்து அவள் முழங்காலைத் தொட்டது. இராஜம் கெண்டியை நிமிர்த்தவில்லை.