செட்டு மாத்திரை

துறைமுகத்தில் மூட்டை அடுக்கு சரிந்து செல்வநாதனின் இரண்டு தொடைகளையும் நசுக்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. நசுங்கிய சதையின் கசடு இரத்தத்தில் கலந்ததால் சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். இரண்டு முறை டயாலிசிஸ் செய்த பிறகு, ஏழாம் நாள் அரை டம்ளர் சிறுநீர் இறங்கியது. எட்டாம் நாள் ஒரு டம்ளர். இன்று காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பை காலியாகக் கிடந்தது.

ஏன் என்று மகள் ஜூடிக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது.

நேற்று அப்பாதான் கெஞ்சினார். "உசுரு போவுது ஜூடி. எதிர்ல ஞானம் கடைல செட்டு வாங்கியா."

மூட்டை தூக்குகிறவர்களுக்குச் செட்டு தெரியும். டாக்டர் சீட்டு வேண்டாம், பெயர் வேண்டாம். உடம்பு வலி என்று கை நீட்டினால் மருந்துக் கடைக்காரர் நாலைந்து நிற மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தருவார். இருபது வருடமாக வேலை முடிந்ததும் அதைப் போட்டுக்கொண்டுதான் செல்வநாதன் தூங்கினார். ஜூடியும் பழக்கத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

டாக்டர் பதுருன்னிசா வந்து பையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"எதிர்ப்பு சக்தி கம்மியா கீதுங்களா டாக்டர்? சத்து மாத்திரை எதனா குடுக்கலாமா?" என்றாள் அம்மா ரோசி.

"இங்க அந்தச் சக்திதாம்மா தொல்லையே. காயம்பட்ட கிட்னிக்குள்ள பாதுகாப்பு செல்லுங்க கூட்டமா பூந்து நல்ல சதையையும் சேத்து அடிக்குது. போதும், அடங்குங்கன்னு அதுங்களத் தடுக்கவும் ஒரு வகை செல்லு இருக்கு. ஆனா ரொம்பக் கொஞ்சம். வெளிநாட்டுல அதை எலிக்கு ஏத்திப் பாத்தாங்க. கிட்னி தப்பிச்சுது."

"இவருக்கு ஏத்துங்களேன்."

"மனுஷனுக்கு இன்னும் வரலம்மா."

"பேசாம பெருச்சாளியா பொறந்திருக்கலாம்" என்றார் செல்வநாதன். பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார். ஜூடிக்குச் சிரிப்பு வரவில்லை.

"நம்மால முடிஞ்சது ஒண்ணுதான். அந்தச் செல்லுங்க வேலை செய்யுற நேரத்துல கிட்னியைப் புதுசா எதுவும் சீண்டக் கூடாது. வெளி மருந்து எதுவும் தரலையே?"

"அய்ய, இல்ல டாக்டர்" என்றாள் ரோசி.

செல்வநாதன் போர்வைக்கடியில் ஜூடியின் மணிக்கட்டை இறுக்கினார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். யாராவது வீட்டுக்கு வந்தாலே கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற பெண் ஜூடி. கையை உருவிக்கொண்டு எழுந்தாள்.

"குடுத்தேன். செட்டு. நேத்து ரெண்டு வாட்டி."

டாக்டர் திட்டவில்லை. "அதுல வலி மாத்திரைதான் பாதி. இந்தக் கிட்னிக்கு அது விஷம். திரும்ப ஓடுமான்னு இப்ப சொல்ல முடியாது. இன்னிக்கு மறுபடி டயாலிசிஸ்."

டாக்டர் போனதும் செல்வநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பெத்த பொண்ணே காட்டிக் குடுக்குது."

"வாய மூடுய்யா" என்று ரோசி அழுதாள்.

மதியம், செல்வநாதனோடு மூட்டை தூக்கும் காஜா மொய்தீன் பார்க்க வந்தார். ரோசி தண்ணீர் பிடிக்கப் போன நேரம். "மாமு, வலி தாங்கல. டாக்டர் குடுக்குறது ஒண்ணும் கேக்கல. ஞானம் கடைல..." என்று செல்வநாதன் கிசுகிசுத்ததும் அவர் தலையாட்டி எழுந்தார்.

ஜூடி அவரை முந்திக்கொண்டு படியிறங்கி ஓடினாள். கடையில் ஆறேழு பேர் கை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணே! செல்வநாதனுக்குன்னு யார் கேட்டாலும் செட்டு குடுக்காதீங்க!" அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "கிட்னி நின்னுபோச்சு!"

"இன்னா பொண்ணே, யாவார நேரத்துல பேஜாரு பண்றே" என்றார் ஞானம்.

பின்னால் காஜா மொய்தீன் மூச்சிரைக்க வந்து நின்றார். "நீ மேல போம்மா. பாவம், துடிக்கிறான்."

"நீங்க போங்க மாமா. நான் இங்கதான் நிப்பேன்."

கல்லாப் பெட்டியை ஒட்டி, அவர் கைக்கும் கடைக்காரர் கைக்கும் நடுவில் போய் நின்றாள்.