ட்யூட்டி மாறும் வரை

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எதிரே ஒரு நிழற்குடை இருக்கிறது. கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறி வருகிற கள்ளக்குறிச்சி பஸ் அங்கேதான் திரும்பும். அந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து பிரசவ வலியை அடக்கிக்கொண்டிருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். என் ட்யூட்டி முடிவதற்காகக் காத்திருந்தவர்கள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. செல்லியம்மாள் என்றொருத்தி ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போய் விசாரித்தேன். பஸ்ஸுக்காக இருக்கிறேன் என்றாள். பஸ் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. புடவை ஏன் நனைந்திருக்கிறது என்றேன். தண்ணீர் சிந்திவிட்டதாம். அவள் கையில் பாட்டிலும் இல்லை, டம்ளரும் இல்லை. உள்ளே கூட்டிப்போக நான் கையை நீட்டினால் பெஞ்சைப் பிடித்துக்கொள்கிறாள்.

எங்கள் ஆஸ்பத்திரி உதவியாள் ஆயம்மாள் பின்னாலிருந்து சொன்னாள்: "வுடு சிஸ்டர். அது ரெண்டு மணிக்கு வர்ற பஸ்ஸுக்கு உக்காந்துக்கினு இருக்குது. பஸ்ஸு பேரு பெரியநாயகி."

மத்தியானம் இரண்டு மணிக்கு என் ட்யூட்டி முடியும். இன்னொரு நர்ஸான நாயகியின் ட்யூட்டி தொடங்கும்.

பொறாமைதான். வேறு பெயர் வைத்து அழைக்க எனக்குத் தெரியாது.

நானும் அவளும் ஒரே கல்லூரியில் நான்கு வருடம் பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்கள். நர்சிங் கவுன்சிலில் ஒரே நாளில் பதிந்தோம். நர்ஸ், மிட்வைஃப் என்று இரண்டு தகுதியும் எங்கள் இருவருக்குமே உண்டு. அதற்கு மேல் பிரசவத்துக்கென்றே பதினெட்டு மாதப் பயிற்சி ஒன்று வந்தது. முடித்தவர்கள் சிக்கலில்லாத பிரசவத்தை டாக்டர் பக்கத்தில் நிற்காமலே முதலிலிருந்து கடைசிவரை தங்கள் பொறுப்பில் பார்க்கலாம். அதில் சேர்வதற்கான தேர்வு நடந்த வாரம் என் அம்மா கிட்னி கெட்டுப்போய் படுக்கையில் கிடந்தாள். என்னை மாற்றி உட்கார ஆள் இல்லை. அப்பா மூட்டை தூக்கப் போனால்தான் கருணாபுரத்தில் எங்கள் வீட்டு அடுப்பு எரியும். எங்கள் தெருவிலேயே முதல் டிகிரி வாங்கிய நான் அம்மாவின் மூத்திரப் பையை மாற்றிக்கொண்டிருந்தேன். நாயகி தேர்வு எழுதினாள். அவளுக்கு வீட்டில் அம்மா இருந்தாள், அத்தைகள் இருந்தார்கள், சின்னசேலம் பக்கத்தில் கரும்பும் மக்காச்சோளமும் இருந்தன. பதினெட்டு மாதம் முடித்து, சட்டையில் புது பேட்ஜோடு இந்த மலைக்கே வந்து சேர்ந்தாள்.

நான் மோசமான நர்ஸ் இல்லை. ரத்தம் நிற்காமல் போன ஒருத்தியை ஆம்புலன்சில் கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க கர்ப்பப்பையை முஷ்டியால் அழுத்திப் பிடித்தபடியே கள்ளக்குறிச்சிவரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். இன்றைக்கு அவள் மரவள்ளி பிடுங்குகிறாள். ஆனால் நான் கத்துவேன். மேசை மேல் ஏறு, காலை விரி, வாயை மூடிக்கொண்டு முக்கு. எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நாயகி தரையில் மெத்தை போடுவாள். உனக்கு எப்படி இருந்தால் தோதாக இருக்கும் என்று கேட்பாள். மண்டி போடுவதோ, குந்துவதோ, சுவரைப் பிடித்து நிற்பதோ அவர்கள் இஷ்டம். கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்திருக்கப் படிப்பதற்குப் பதினெட்டு மாதமா என்று ஆயம்மாளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

என் தங்கை கமலா வந்தது அந்தச் சமயத்தில்தான். சங்கராபுரத்தில் மெக்கானிக் சின்னதுரைக்குக் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம் தாய் வீட்டில். தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பாவை நம்பிப் பிள்ளைத்தாச்சியை விட முடியாது. அதனால் என் குவார்ட்டர்ஸ்தான் அவளுக்குத் தாய் வீடு. கண்ணாடி வளையல் நானே அடுக்கினேன். ஐந்து வகைச் சோறு நானே ஆக்கினேன், இரண்டு குழைந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது அவளிடம் சொன்னேன், ஊரார் பிள்ளையை எல்லாம் இந்தக் கைதான் முதலில் தொட்டது, உன் பிள்ளையையும் இந்தக் கைதான் தொடும் என்று. கமலா சோற்றைப் பிசைந்துகொண்டே தலையை ஆட்டினாள்.

பரிசோதனைக்கு மட்டும் நாயகி இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனாள். காலையில் உனக்குக் கூட்டம் ஜாஸ்தி அக்கா, அதனால்தான் என்றாள். நானும் நம்பினேன்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் காலை ட்யூட்டி. இடையில் இட்லி எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போனேன். கமலா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி, அலமாரியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். என்னடி என்றேன். ராத்திரி தின்ற உருளைக்கிழங்கு வாயுவாக நிற்கிறது என்றாள். பெருங்காயத் தண்ணீர் கலந்து கொடுத்துவிட்டு ஊசி போடத் திரும்பிப் போய்விட்டேன். வேறு எவளாவது அப்படி அலமாரியைப் பிடித்திருந்தால் பிரசவ வலி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன்.

இரண்டு மணிக்கு நாயகியிடம் வார்டை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன். கமலா மைதானத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் துணிப் பை, இன்னொரு கை இடுப்பில். நான்கு அடி நடந்து நின்று, மறுபடி நான்கு அடி. அந்த நடையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"எப்பப் புடிச்சிது?"

"விடியக்காலம்."

"அப்ப நான் இட்லி எடுத்தாந்தப்ப?"

"இருந்திச்சி."

"சொல்றதுக்கு இன்னா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் ட்யூட்டி முடியட்டும்னு இருந்தன்கா. நீ கத்துவ. எனுக்கு பயமா இருக்குது."

கன்னத்தில் அறைந்திருந்தால் திருப்பி அறைந்திருப்பேன். நிழற்குடையில் உட்காருகிறவர்கள் யாரோ எவரோ. இவள் நான் தூக்கி வளர்த்தவள். பையை வாங்கிக்கொண்டேன். அவள் கை என் தோள் மேல் விழுந்தது. அப்படியே உள்ளே போனோம்.

நாயகி பார்த்துவிட்டுப் பாதிக்கு மேல் தாண்டிவிட்டது என்றாள். பி.பி. பார்த்தாள், குழந்தையின் துடிப்பைக் கேட்டாள். நான் கையுறைப் பெட்டி பக்கம் போனேன். அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "செவ்வந்தி, கோட்ட கழட்டிடு. இன்னிக்கு நீ நர்ஸ் இல்ல. துணைக்கு வந்த ஆளு. அவ அப்டித்தான் கேக்குறா."

கமலா சுவரைப் பார்த்தாள். வீட்டுப் பெண் ஒருத்தி துணைக்கு உள்ளே நிற்கலாம் என்பது எங்கள் விதிதான். எத்தனையோ மாமியார்களை அந்த மூலையில் நிற்க வைத்து, வாயைத் திறக்கக் கூடாது என்று மிரட்டியிருக்கிறேன். கோட்டைக் கழற்றினேன்.

கமலாவுக்கு மண்டி போடுவது தோதாக இருந்தது. நான் குட்டை ஸ்டூலில் உட்கார, அவள் மெத்தையில் மண்டியிட்டு என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் தலை என் மடியில். வலி வரும்போது அவள் பாரம் முழுக்க என் மேல்தான். நாயகி அவள் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிரசவத்தை இந்தப் பக்கமிருந்து நான் பார்த்ததே இல்லை. நெற்றி வியர்வையும் கடித்த உதடும்தான் தெரிகின்றன. எவ்வளவு இறங்கியது, எந்தப் பக்கம் திரும்பியது, எதுவும் தெரியவில்லை. அதையெல்லாம் நாயகியின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் அவள் முகத்தையே பார்த்தேன்.

அவள் அவசரப்படவில்லை. நன்றாக இருக்கிறது, உன் உடம்பு சொல்கிறபடி செய் என்றாள். கமலாவும் செய்தாள். என்னிடம் வாய் காட்டாமல் ஒரு வேலை செய்யாதவள், அவளிடம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டாள். நான் ஒன்று நினைத்தேன். சின்னதாக ஒரு சிக்கல் வரட்டும். குழந்தைக்கும் தாய்க்கும் ஒன்றும் ஆக வேண்டாம், ஆனால் நாயகிக்குக் கை நடுங்கி, செவ்வந்தி வா என்று கூப்பிடுகிற அளவுக்கு வரட்டும். சொந்தத் தங்கை மடியில் கிடக்கும்போது நினைத்தேன். ஒரு சிக்கலும் வரவில்லை.

சாயங்காலம் நாயகி நிமிர்ந்து பார்த்தாள். தலைமுடி தெரிகிறது என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, என்னைப் பார்த்து, "நீ புடிக்கிறியா? கிளவுஸ் அங்க இருக்குது. ஆயம்மா வந்து இவள தாங்கிக்கட்டும்" என்றாள்.

அவளுக்கு நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் எனக்கு எரிந்தது. என் தங்கையின் பிள்ளையை இவள் எனக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கிறாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆயம்மாள் வாசலில்தான் இருந்தாள், இன்னும் பக்கத்தில் வரவில்லை. நான் கமலாவின் விரல்களை என் இடுப்பிலிருந்து பிரித்து எழுந்துவிட்டேன்.

கமலா முன்னால் சரிந்தாள். கை இரண்டும் மெத்தையில் ஊன்றின. "அக்கா" என்றாள், அவ்வளவுதான். நான் உறையைக் கிழித்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் கையுறை ஏறிவிட்டது, மறு கையில் கட்டை விரல் சிக்கிக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் அடுத்த வலி வந்தது கேட்டது. திரும்பியபோது நாயகி ஒரு கையால் கமலாவின் மார்பைத் தாங்கி, மறு கையில் குழந்தையை வாங்கியிருந்தாள். பெண். அழுதது. ஆயம்மாள் துண்டோடு ஓடினாள். நான் மேசைக்கும் மெத்தைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

எல்லாம் சுத்தமாக முடிந்தது. தையல்கூடத் தேவைப்படவில்லை.

வார்டுக்கு மாற்றிய பிறகு கமலாவுக்குச் சுடச்சுடப் பால் ஆற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அப்ப எங்க போன?"

"கிளவுஸ் போடப் போனன்."

"எதுக்கு? அதான் அவங்க இருந்தாங்களே."

நான் போர்வையை அவள் கால்வரை இழுத்துவிட்டேன்.

"நான் உன்னத்தான புடிச்சிக்கினு இருந்தன்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். எனக்கு சண்டை வரும். அவள் களைப்பாகச் சொன்னாள். இவ்வளவு பயம் இருந்தும் துணைக்கு என்னைத்தான் கேட்டிருந்தாள். அந்த இடம் என்னுடையது. யாரும் பிடுங்கவில்லை.

குழந்தை அழ ஆரம்பித்தது. கமலா மார்பில் போட்டுப் பார்த்தாள். அது காம்பைப் பிடிக்காமல் தலையை அடித்துக்கொண்டது. தாடையைக் கொஞ்சம் கீழே இழுத்து வாயைப் பெரிதாகத் திறக்க வைக்க வேண்டும், ஒரு நொடி வேலை. நான் கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

"நீ இரு அக்கா" என்றாள் கமலா. "அவங்கள கூப்புடு."

"நான் காட்றன்டி. எனுக்குத் தெரியாதா?"

"தெரியும். அவங்கள கூப்புடேன்."

நாயகி பிரசவ அறையில் கத்திரிக்கோலையும் கிண்ணத்தையும் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கிறவரை நின்றேன். பிறகு, பிள்ளை பால் குடிக்க மாட்டேன் என்கிறது, கமலா உன்னைக் கூப்பிடுகிறாள் என்று சொன்னேன்.