இரண்டாவது டிஸ்க்

கல்யாணப் படம் எடுப்பது அவள் தொழில். மூன்று வாரமாக அவள் கணினியைத் திறந்தாலே உள்ளே யாரோ நகம் வெட்டுவதுபோல டக், டக். அந்தக் கணினிக்குள்தான் பதினொரு கல்யாணங்களின் படங்கள். ஒரு படம்கூட இன்னும் ஒப்படைக்கவில்லை.

"ஏங்க, விலை கம்மியா ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க். அவ்வளவுதானே கேட்டேன்?"

கணவன் கிடங்கு மேற்பார்வையாளன். மூன்று கடை ஏறி இறங்காமல் பென்சில் சீவிகூட வாங்கமாட்டான்.

"அவசரப்படாத. ஒரு டெராபைட்டைவிட ரெண்டு டெராபைட் கொஞ்சம்தான் கூட. ஆனா அதுக்கு உத்தரவாதம் ரெண்டே வருஷம்."

"என் கணினிக்கு இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்கூட உத்தரவாதம் இல்ல."

ஒருவழியாகச் சனிக்கிழமை வாங்கிவந்தான். அவள் வெளியே போயிருந்த நேரத்தில் அவனே எல்லாவற்றையும் ஏற்றி முடித்து, பரிசு வாங்கியவன்போல உட்கார்ந்திருந்தான். அவள் கணினியைத் திறந்தாள். படங்கள் இருந்த ஃபோல்டர் துடைத்துவிட்டாற்போலக் காலி.

"இதுல இருந்ததெல்லாம் எங்க?"

"டிஸ்க்ல இருக்கே. கட் பண்ணி அதுல போட்டுட்டேன்."

"காப்பி பண்ணலையா?"

"ஒரே சரக்கு ரெண்டு இடத்துல இருந்தா ஸ்டாக் எடுக்கும்போது இடிக்கும்மா."

சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் ஆராய்ச்சி செய்து, ஒரே இடத்தில் இருந்ததை இன்னொரு ஒரே இடத்துக்கு மாற்றியிருக்கிறார் மகானுபாவர். அந்த இடமும் மேசை விளிம்பில், தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில்.

"இது கீழ விழுந்தா பதினொரு பொண்ணுங்களுக்கும் மறுபடி கல்யாணம் பண்ணிவைப்பீங்களா?"

அவன் முகம் வெளுத்தது. "திரும்பக் கணினியிலயே போட்டுடவா?"

"அந்த டக் டக்கை நம்பியா?"

டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்கு நடந்தாள்.

"எந்த மாடல்மா?" என்றார் கடைக்காரர்.

"கைக்கு எட்டுறதை எடுங்கண்ணே. இதுல இருக்கிறதை அதுல ஏத்தணும், இங்கயே. கட் இல்ல, காப்பி."

"மூணு மணி நேரம் ஆகும்."

"ஒரு ஸ்டூல் போடுங்க."

பாதி ஏறியிருந்தபோது கணவன் மூச்சிரைக்க வந்து நின்றான். திரையில் பச்சைப் பட்டை நகர்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எவ்வளவுக்கு வாங்கின?"

"நிம்மதியாத் தூங்கணும்னா அதைக் கேக்காதீங்க," என்றாள், பட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.