குஸ்தீன் குறை சொல்லவில்லை

ஏழு மாதமாக என் புருஷன் எதையும் குறை சொல்லவில்லை. இதைக் கேட்டு என்னைக் கொடுத்து வைத்தவள் என்று நினைக்கிறவர்கள் எங்கள் கடற்கரைக்காரர்களாக இருக்க முடியாது. எங்கள் ஊரான நோலியில் பிறந்தவன் காலையில் கண் விழித்ததும் முதலில் வானத்தைக் குறை சொல்வான், பிறகு காபியை, பிறகு நகரசபையை, அதன் பிறகு பெண்டாட்டியின் அக்காவை. அந்தக் காலத்தில் கப்பல் முதலாளி இரண்டு விதமாகக் கூலி பேசுவாராம். வாயை மூடிக்கொண்டு வேலை செய்தால் அதிகக் கூலி, முணுமுணுக்கும் உரிமை வேண்டுமென்றால் குறைந்த கூலி. எங்கள் ஆட்கள் குறைந்த கூலிக்குத்தான் கையெழுத்துப் போடுவார்களாம். இத்தனைக்கும் காசு விஷயத்தில் நாங்கள் எப்படிப்பட்ட கஞ்சர்கள் என்று இத்தாலி முழுக்கத் தெரியும்.

அந்தக் கூட்டத்திலேயே பெரிய ஆள் என் அகோஸ்தீனோ. ஊருக்கு அவன் குஸ்தீன். சவோனா துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் இழுவைப் படகில் வேலை பார்த்தான். குஸ்தீன் ஏறியிருந்தால் சங்கு ஊதத் தேவையில்லை, அவன் புலம்பலே அரை மைல் தூரம் கேட்கும் என்று அவனுடைய கேப்டன் சொல்வார்.

போன நவம்பரில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்தவன் வேறு ஆள். சூப்பில் உப்பு போட மறந்துவிட்டேன். நல்லா இருக்கு என்றான். மேல்வீட்டுக்காரி துவைத்த துணியிலிருந்து எங்கள் ஜன்னலில் தண்ணீர் சொட்டியது. பாவம், அவளும் எங்கேதான் காயப்போடுவாள் என்றான்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் துரின் நகரத்துக்காரர், எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர். இதயம் அருமையாக வேலை செய்கிறது, மனிதர் அமைதியாக இருக்கிறார், வேறென்ன வேண்டும் உங்களுக்கு என்று என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆபரேஷன் முடிந்த அன்று, வீட்டில் சத்தம் சண்டை எதுவும் கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டவரும் அவர்தான். நானும் முப்பத்தெட்டு வருஷப் பழக்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகமாக வளைய வந்துகொண்டிருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என் அக்காவுக்குத்தான் தெரியும்.

குஸ்தீன் ஜன்னல் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டான். கேஸ் வால்வு எது, தண்ணீர் வால்வு எது என்று என்னை அழைத்துப்போய்ப் பொறுமையாகக் காட்டினான், அதுவும் புன்னகையோடு. அந்தப் புன்னகையைப் பார்க்கும்போதெல்லாம், என் ஆளை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டு வேறு யாரையோ அனுப்பிவிட்டார்கள் என்று தோன்றும். மத்தியானம் அவன் கண்ணயர்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். காபி ஆறிப்போச்சு என்று ஒரே ஒரு தடவை அவன் சிடுசிடுத்துவிட்டால் போதும், என் குஸ்தீன் உள்ளே உயிரோடு இருக்கிறான் என்று நம்பிவிடுவேன். அதற்குத்தான் படகை வாடகைக்கு எடுத்தேன்.

ஏன் படகு என்றால், கடலில் உலாவுவதற்குக் காசு கொடுப்பவன் கடலே இல்லாத மிலான்காரன் மட்டும்தான் என்று நாற்பது வருஷமாகச் சொல்லி வந்தவன் குஸ்தீன். வாரம் முழுக்கக் கடலிலேயே கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயா என்று சொந்தமாகப் படகும் வாங்கவில்லை. அப்படிப்பட்டவனை வாடகைப் படகில் ஏற்றினால், அதுவும் ஜூன் மாத சீசன் விலையில் ஏற்றினால், கல்லும் வாய் திறக்கும் என்று கணக்குப் போட்டேன்.

எங்கள் ஊர்க் கரையில் படகு வாடகைக்கு விடுகிறவர் பியர்லூயிஜி. மிலானில் ஏதோ வங்கியில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் விசில். ஒரு நாளைக்கு நூற்றிருபது யூரோ, பெட்ரோல் தனி என்றார். நான் பேரமே பேசவில்லை. ஓரக்கண்ணால் குஸ்தீனைப் பார்த்தபடியே எடுத்துக் கொடுத்தேன். அவன் கடற்புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு பியர்லூயிஜி எங்களுக்குக் கடலைப் பற்றிப் பாடம் எடுத்தார். இதுதான் முன்பக்கம், இதுதான் பின்பக்கம். காற்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் அலை இருக்கும். லைஃப் ஜாக்கெட்டை இப்படிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று குஸ்தீனின் தலை வழியாக மாட்டி, குழந்தைக்குச் செய்வதுபோல வாரை இழுத்துக் கட்டினார். போதாததற்கு, தண்ணியப் பாத்து பயப்படாதீங்க ஐயா என்று தோளில் தட்டினார். எண்ணெய்க் கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்த மனிதனை. எனக்கே கை பரபரத்தது. குஸ்தீன், "ரொம்ப நன்றிங்க, தெளிவா சொன்னீங்க" என்றான்.

சுக்கானை நானே பிடித்தேன். எனக்குப் படகு ஓட்ட வராது. அன்றைக்கு அதுவே வசதியாகப் போயிற்று. கரையை விட்டுக் கிளம்பும்போதே மிதவை ஒன்றில் இடித்தேன். பாறை முனையைச் சுற்றும்போது அலையைப் பக்கவாட்டில் வாங்கி இரண்டு பேரையும் தொப்பலாக நனைத்தேன். நடுவில் மோட்டார் இரண்டு தடவை அணைந்தது. குஸ்தீன் என் கையைத் தட்டிக்கொடுத்து, அழகான நாள் என்று மட்டும் சொன்னான். வெயிலில் அவன் முகம் மெலிந்து, அமைதியாக, பார்க்கவே அழகாக இருந்தது. அவனை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று அந்த நிமிஷம் புரிந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

அடுத்த ஊரான வரிகொத்திக்கு முன்னால், பாறைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு குடா இருக்கிறது. கடல் வழியாகத்தான் போக முடியும். ஏற்கெனவே அங்கே ஒரு படகு நின்றது. குடைக்குக் கீழே வயதான ஜெர்மன் தம்பதி புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி, நங்கூரத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கயிற்றோடு குப்பையை வீசுவதுபோல வீசினேன். பெரிய சத்தத்தோடு விழுந்தது. ஜெர்மன்காரர் புத்தகத்தை இறக்கிப் பார்த்தார். குஸ்தீன் பார்க்கவில்லை.

கடைசி ஆயுதத்தைக் கூடையிலிருந்து எடுத்தேன். எங்கள் பக்கத்தில் பெஸ்தோ என்றால், பேசில் இலையும் பூண்டும் பாலாடைக்கட்டியும் சேர்த்துக் கல் உரலில் இடிக்கிற பச்சைத் துவையல். மிக்சியில் அரைத்தாலே மூன்று நாள் பேச மாட்டார்கள். நான் சூப்பர் மார்க்கெட்டில் பாட்டிலாகவே வாங்கியிருந்தேன், அதுவும் க்ரீம் கலந்தது. கடைக்காரி தெரிந்தவள் என்பதால் மருமகளுக்கு என்று பொய் சொல்லி வாங்க வேண்டியிருந்தது, எங்களுக்கு மருமகளே கிடையாது. அதை ஆறிப்போன பாஸ்தாவில் கொட்டிக் கிளறி, அவன் கையில் டப்பாவைக் கொடுத்தேன்.

குஸ்தீன் ஒரு வாய் வைத்தான். மென்றான். அவன் குரல்வளை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது வாயும் வைத்தான்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லா இருக்கு, ரொசால்பா."

அவ்வளவுதான். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. முள்கரண்டியைக் கீழே போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தேன். என் மனிதன் போய்விட்டான், இனி வரப்போவதில்லை என்று நிச்சயமாகிவிட்டது எனக்கு.

படகு ஆடியது. அவன் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அழாத," என்றான். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். நீ மறைக்க வேணாம். எத்தனை மாசம்னு மட்டும் சொல்லிடு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதுக்கு எத்தனை மாசம் என்று கேட்டேன். அவன் கடலைப் பார்த்துக்கொண்டே, நிதானமாகச் சொன்னான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அவன் பால் சட்டியைத் தீய விட்டானாம். நான் திட்டுவேன் என்று காத்திருந்தானாம். நானோ, பரவாயில்லை கண்ணு, வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றேனாம்.

"முப்பத்தெட்டு வருஷத்துல நீ என்ன கண்ணுன்னு கூப்பிட்டதே இல்ல. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, டாக்டர் உங்கிட்ட ஏதோ சொல்லிட்டாருன்னு. போகப்போறவன்கிட்டதான் யாரும் சண்டை போட மாட்டாங்க. சரி, இருக்கிற வரைக்கும் நானும் உன்னைப் படுத்தாம இருந்துட்டுப் போவோம்னு நெனச்சேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டான். "இன்னைக்கு நீ பேரம் பேசாம நூத்திருபத எடுத்துக் குடுத்தப்போ, இன்னும் கொஞ்ச நாள்தான்னு புரிஞ்சுபோச்சு."

ஏழு மாதம். ஏழு மாதமாக இந்த மடையன் தனியாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறான், நான் அவனைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

நான் அவன் சட்டையைப் பிடித்தேன். இதயம் எருமைக்கு இருக்கிற மாதிரி இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை, அவர் சொன்ன தேதியோடு சொன்னேன். சத்தம் போடக் கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டதைச் சொன்னேன். படகு, மிதவை, பாட்டில் எல்லாம் எதற்கு என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. செத்துப்போன என் அம்மா மேல் சத்தியம் பண்ணச் சொன்னான். பண்ணினேன்.

குஸ்தீன் மெதுவாகக் குனிந்து டப்பாவை எடுத்து மூக்கருகே கொண்டுபோனான்.

"அப்ப இது நெஜமாவே க்ரீமா?"

"க்ரீம்தான்."

"பூண்டு?"

"இல்ல."

"நாய்கூட தின்னாது இத," என்றான். குரல் உடைந்திருந்தது. இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை. "ரெண்டு வாய் தின்னுட்டேன்டி நான். கடைசி ஆசையா குடுக்கிறாளேன்னு முழுங்கினேன்."

அப்புறம் அணை உடைந்த மாதிரிதான். நங்கூரம் என்றால் மாவு மூட்டையா அப்படித் தூக்கி எறிய என்று கேட்டான். மிதவையில் இடித்ததற்கு, அலையை வாங்கிய விதத்துக்கு, மோட்டாரை நான் திருகிய திருகலுக்குத் தனித்தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பியர்லூயிஜியின் கால்சட்டையும் தப்பவில்லை. மேல்வீட்டுக்காரி ஏழு மாதம் சொட்டவிட்ட துணி ஒவ்வொன்றையும் நினைவில் வைத்திருந்தான். நான் மட்டும் சும்மா இருப்பேனா? என் நெஞ்சிலும் ஏழு மாதச் சரக்கு இருந்தது. பால் சட்டியில் ஆரம்பித்தேன். அது என் கல்யாணச் சட்டி. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமே, வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று கத்தினேன். நீ கேட்டியா என்று அவன் கத்தினான். படகு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. பாறையில் பட்டு எங்கள் குரல் எங்களுக்கே திரும்பி வந்தது.

துடுப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். பக்கத்துப் படகு ஜெர்மன்காரர் தம் படகைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு எங்கள் அருகே வந்திருந்தார். அவர் மனைவி கையில் போனை எடுத்து வைத்திருந்தாள். மனிதர் வெளிறிப்போன முகத்தோடு, தமக்குத் தெரிந்த கொஞ்ச இத்தாலிய மொழியில், "அம்மா, ஏதாவது ஆபத்தா? போலீசக் கூப்பிடவா?" என்று கேட்டார்.

"வேணாங்க," என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "என் புருஷன் சாகப்போறதில்ல. அதான்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குஸ்தீன் நங்கூரக் கயிற்றை இழுத்துச் சுருட்டியபடியே, வீட்டு விஷயத்தைக் கண்டவர்களிடம் ஓசியில் சொல்லுகிற என் புத்தியைப் பற்றி ஆரம்பித்தான். கரை போய்ச் சேரும்வரை அவன் நிறுத்தவில்லை.