கறுக்காத பட்டை

விடிந்தும் விடியாத ஐந்து மணிக்கே ஆவியக்காவின் மணிக்கட்டில் முதல் சூடு விழுந்துவிட்டது. கருவிகளைக் கிருமி போக அவிக்கும் ஆட்டோகிளேவின் கதவு இடுக்கிலிருந்து சீறிய நீராவிதான். "வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டியா சனியனே!" என்று இயந்திரத்தை வைதுகொண்டே கையைக் குழாயடியில் நீட்டினாள்.

அந்தத் தனியார் கண் மருத்துவமனையில் பதினோரு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. கண்ணுக்குள் போகிற கொக்கியும் கத்தியும் இடுக்கியும் அவள் கையால்தான் கழுவப்பட வேண்டும். மெல்லிய பிரஷால் தேய்த்து, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, துணியில் சுற்றி நீராவியில் வைத்து எடுப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். நீராவி அறைக்காரி என்பதால் எல்லோருக்கும் அவள் ஆவியக்கா.

ஒவ்வொரு தடவையும் கருவிகளோடு ஒரு சோதனைப் பட்டையும் உள்ளே போகும். சூடு சரியாக ஏறியிருந்தால் பட்டை கறுத்து வரும். கறுத்தால்தான் கருவியை நம்பிக் கண்ணைத் தொடலாம். அந்தப் பட்டையைத் தேதி போட்டுப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும்.

கதவின் ரப்பர் வளையம் இற்றுப்போய் நாலு மாதம் ஆகிறது. மூன்று தடவை ஓட்டினால் ஒரு தடவை கறுக்கும். "கறுக்கிற வரைக்கும் ஓட்டிக்கிட்டிருந்தா ஆபரேஷன் எப்ப முடியறது? கறுத்ததை ரெண்டா நறுக்கி ரெண்டு நாளுக்கு ஒட்டு" என்று பெரிய டாக்டர் சொன்னார். கட்டடமும் அவருடையது, கத்தியும் அவருடையது. ஆவியக்கா நறுக்கினாள், ஒட்டினாள். வெளுத்த பட்டைகளைக் குப்பையில் போட மட்டும் மனசு வரவில்லை. பின்னால் தேதி எழுதி, ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்தாள்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு தையல்காரர் வந்தார். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று கண்புரை அறுவைக்கு வந்த மனுஷன். நாலாம் நாள் கண் சீழ் கட்டித் திரும்பி வந்தார். பெரிய மருத்துவமனையில் அந்தக் கண்ணையே எடுத்துவிட்டார்கள். ஐயோ, அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து ஆவியக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் கொடுத்த புகாரால்தான் இன்றைக்குப் பத்து மணிக்கு ஆய்வுக் குழு வருகிறது. பதினோரு மணிக்குப் பதினான்கு பேருக்கு அறுவை. இன்றைக்கும் பட்டை வெளுப்பாகவே வெளியே வந்தது.

ஏழு மணிக்குப் பெரிய டாக்டர் நீராவி அறைக்கே வந்துவிட்டார். கையில் ஒரு தாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா. அன்னிக்கு மெஷினை ஓட்ட மறந்துட்டேன்னு எழுதியிருக்கு. அவ்வளவுதான்."

"நான் மறக்கலையே சார். ஓட்டினேன். கறுக்கலை. உங்ககிட்ட சொன்னேன்."

"சொன்னே, சொன்னே. இப்ப அதையா பேசறது? ஒரு ஆறு மாசம் வீட்டுல இரு. சத்தம் அடங்கினதும் நானே கூப்பிட்டுக்கறேன்."

"அப்ப ரப்பர்?"

"எந்த ரப்பர்?"

"கதவு ரப்பர் சார். நான் வீட்டுக்குப் போயிட்டா அது சரியாயிடுமா?"

"நீ அடம் பிடிச்சா ஆஸ்பத்திரியையே சாத்திடுவாங்க. இருபது குடும்பம் உன்னால தெருவுக்கு வரும். யோசிச்சுக்கோ" என்று தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பார்த்தீர்களா நியாயத்தை! கெட்டது அவர் இயந்திரம். இருபது குடும்பத்தின் பாரம் மட்டும் இவள் தலையில்.

தாளை எடுத்துக்கொண்டு அவள் உடைமாற்றும் அறைக்குப் போனாள். ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அண்ணன், தரை துடைக்கிற இரண்டு பெண்கள், கண்ணில் சொட்டு மருந்து விடுகிற பெண் எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஆவியக்கா தாளை உரக்கப் படித்தாள்.

"போடாதீங்கக்கா" என்றாள் சிஸ்டர். "அன்னிக்குத் தையல்காரரோட கருவித் தட்டை உங்ககிட்ட வாங்கிட்டுப் போய்ப் பிரிச்சது நான். உங்க மேசையில பட்டை வெளுத்திருந்ததைப் பார்த்தேன். பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டேன்."

"தையல்காரரை உள்ளே தள்ளிட்டுப் போனது நான்" என்றார் ஸ்ட்ரெச்சர் அண்ணன். "பயந்துகிட்டே இருந்தாரு. 'ஒண்ணும் ஆகாது, கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கும்'னு சொன்னேன். எந்த வாயால சொன்னேனோ!"

ஆவியக்கா முந்தானையில் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இன்னிக்கு ஒரு தட்டும் தியேட்டருக்குள்ள போகக் கூடாது. என்கிட்டருந்து வராது."

"வந்தா நான் பிரிக்க மாட்டேன்" என்றாள் சிஸ்டர்.

"நான் ஆளைத் தள்ள மாட்டேன்."

பத்து மணிக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள், ஓர் அம்மாளும் ஓர் இளைஞரும். பெரிய டாக்டர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் கறுப்புப் பட்டைகள். பூசி மெழுகுவதில் மனுஷனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"எல்லாம் ஒழுங்காதானே இருக்கு" என்றார் அந்த அம்மாள். "இதை ஒட்டறது யாரு?"

"நான்தாம்மா." ஆவியக்கா முன்னால் வந்து பவுடர் டப்பாவை மேசைமேல் கவிழ்த்தாள். "நெஜமா வந்த பட்டை இதெல்லாம். பின்னால தேதி இருக்கு. புத்தகத்துல இருக்கறதை ஸ்கேல் வெச்சு அளந்து பாருங்க, நீளம் பாதிதான் இருக்கும். ஒண்ணை ரெண்டா நறுக்கினேன்."

அம்மாள் அளந்தார். அடுத்த பக்கத்தையும் அளந்தார். தையல்காரருக்கு அறுவை நடந்த தேதியைச் சொல்லிக் கேட்டார். ஆவியக்கா குவியலில் தேடி எடுத்துக் கொடுத்தாள். வெளுத்த பட்டை.

"இவளை இன்னிக்குக் காலையிலயே வேலையை விட்டு நிறுத்தியாச்சு. அந்தக் கோவத்துல உளர்றா!" என்று கத்தினார் பெரிய டாக்டர்.

"அப்ப என்னையும் நிறுத்துங்க சார்" என்று சிஸ்டர் வந்து ஆவியக்காவின் பக்கத்தில் நின்றாள். "அந்தத் தட்டைப் பிரிச்சவ நான்." ஸ்ட்ரெச்சர் அண்ணன் வந்தார். தரை துடைக்கிற பெண்கள் ஈரத் துடைப்பத்தோடே வந்தார்கள். சொட்டு மருந்துப் பெண்ணும் வந்தாள்.

"நீங்க சொல்றது உங்களுக்கு எதிராவும் திரும்பும். தெரியுமா?" என்று அம்மாள் கேட்டார்.

"தெரியும்மா. நறுக்கின கை என்னுதுதான். அதுக்கு என்ன தண்டனையோ வாங்கிக்கறேன். ஆனா நறுக்கச் சொன்ன வாயையும் எழுதிக்கங்க."

அம்மாள் எழுதிக்கொண்டார். முடிவு கடிதத்தில் வரும், அதுவரை அறுவையை நிறுத்தத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். எப்போது என்று சொல்லவில்லை. டப்பாவோடு அவர்கள் போனதும் பெரிய டாக்டர் வாசலைக் காட்டினார். "வெளியே போங்க எல்லாரும்! பதினோரு மணிக்கு நான் வேற ஆளை வெச்சு ஆபரேஷன் பண்றேன்!"

அவர்கள் வாசலுக்குப் போகவில்லை. நேரே காத்திருப்போர் கூடத்துக்குப் போனார்கள். பதினான்கு பேரும், அறுக்க வேண்டிய கண் எது என்று தெரிய, புருவத்துக்கு மேலே பிளாஸ்திரி ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஆவியக்கா நடுவில் நின்று, ரப்பரிலிருந்து தையல்காரர் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள்.

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. ஒருத்தர் அவளையே திட்டினார். அவள் தலை குனியாமல் கேட்டுக்கொண்டாள். முதல் வரிசையில் இருந்த லாரி டிரைவர் மட்டும் புருவத்துப் பிளாஸ்திரியை உரித்துச் சுருட்டிக்கொண்டே கேட்டார், "அப்ப என் கண்ணு?"

"மெஷின் சரியாகணும். என் கண்ணு முன்னால பட்டை கறுக்கணும். அதுவரைக்கும் உங்க கண்ணை ஒருத்தரும் தொட விடமாட்டோம்ணே. இங்கதான் உக்காரப் போறோம்."

தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு பெரிய டாக்டர் முதல் நோயாளியின் எண்ணைக் கூப்பிட்டார். லாரி டிரைவரின் எண்தான் அது. அவர் எழுந்திருக்கவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார்.

"உக்காரும்மா. காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கே."