பெருமாள்சாமி வீட்டுப் பால்

1

இந்தக் கதை எனக்குச் சோலைச்சாமியின் டீக்கடையில் கிடைத்தது. ரஷ்யாவின் மேல் போட்ட பொருளாதாரத் தடை பலித்ததா என்று டிவியில் கோட்டுப் போட்டவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணெயை வாங்காவிட்டால் போர் நின்றுவிடும் என்றார் ஒருவர். எங்கே நின்றது என்றார் இன்னொருவர். எனக்கு அந்தத் தேசங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்கள் தெருவைப் பற்றி எல்லாம் தெரியும்.

2

முதல் தொடக்கம்: கரிசல் காட்டில் பொழுது சாய்ந்தபோது ஆவுடைத்தாய்...

(வேண்டாம். நடந்தது காலையில்.)

இரண்டாவது: பெருமாள்சாமி ஒரு கொடுமைக்கார...

(இதுவும் வேண்டாம். ஆள் எதிர்வீடு. கதையெல்லாம் படிக்க மாட்டார்தான்; ஆனால் யாராவது வாசித்துக் காட்டுவார்கள். நானாக இருந்தால் காட்டுவேன்.)

நேராகவே சொல்கிறேன். எங்கள் தெரு ஆவுடைத்தாயின் காட்டுக்கு (எங்கள் பக்கம் விளைநிலத்துக்குப் பேர் காடு) போகிற வண்டிப்பாதையைப் பெருமாள்சாமி உழுது, உடைமுள்ளை வெட்டிப்போட்டு அடைத்துவிட்டார். கேட்டால், "பாதை என்ன பாதை, அந்தக் காடே எங்க தாத்தாவோடது" என்கிறார். அறுத்த உளுந்து உள்ளே குவிந்து கிடக்கிறது. அடிக்கிற மிஷின் போக வேறு வழியில்லை. மழை விழுந்தால் கரிசலில் கால் வைக்க முடியாது. உளுந்து குவியலிலேயே முளைத்துவிடும். ஒற்றையாளாக இருக்கும் ஆவுடைத்தாய்க்கு அந்த வருஷம் அதோடு போச்சு.

தெரு கூடிப் பேசியது. பாதை திறக்கும்வரை பெருமாள்சாமி வீட்டில் பால் வாங்குவதில்லை, அவர் டிராக்டரைக் கூப்பிடுவதில்லை, அந்த வீட்டோடு பேச்சில்லை. (ஊர்விலக்கு என்று எழுதினால் கேஸாகிவிடும். பொருளாதாரத் தடை என்றால் கௌரவம்.)

3

என் ஜன்னலுக்குக் கீழேதான் தெருக்குழாய். ஒட்டுக்கேட்கவில்லை, ஜன்னல் திறந்திருந்தது. பெருமாள்சாமியின் மனைவி செல்வலட்சுமி வந்ததும் எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள்.

"முள்ளை வெட்டிப்போட்டது நானாக்கா? என் குடம் என்ன செஞ்சுது?"

"நீ ஒரு வார்த்தை சொல்லேன் ஏட்டி. நாங்க சொன்னா அவிய கேக்க மாட்டாக" என்றாள் ஆவுடைத்தாய்.

"என் பேச்சைக் கேக்குத மனுசனா இருந்தா முள்ளே போட்டிருப்பாகளா?"

ஆவுடைத்தாய் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு நடந்தாள். எழுதுகிற நான் ஜன்னலை...

(இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.)

நியாயத்துக்கு இதையும் சேர்க்க வேண்டும். பெருமாள்சாமிக்கு வலிக்கவில்லை என்பது பொய். டிராக்டர் வேப்பமரத்தடியில் பறவை எச்சத்தோடு நிற்கிறது. ஆனால் வலிக்க வலிக்க மனிதர் முள்ளைத்தான் இன்னும் உயர்த்தினார். அதற்காகத் தடையே தப்பு என்று எழுதவும் கை வரவில்லை. அதுவும் இல்லாவிட்டால் குழாயடியில் ஆவுடைத்தாய் அல்லவா தனியாக நின்றிருப்பாள்?

4

பால் மட்டும் எனக்கு உறுத்தியது. வாங்க ஆளில்லாத வீட்டில் கறவை குறையவில்லையே!

"ஏலே சோலைச்சாமி, உன் கடைக்குப் பால் எங்கன இருந்து வருது?"

"கோவில்பட்டி வேன்ல வருது அண்ணாச்சி."

"கோவில்பட்டிக்கு எங்கன இருந்து போவுது?"

"நீங்க டீ குடிக்க வந்தீகளா, விசாரணைக்கு வந்தீகளா?"

மறுநாள் பெருமாள்சாமி வீட்டுப் பால்கேனுக்குப் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். (கோவில்பட்டியில் எனக்கு வேறு வேலையும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பெருமாள்சாமியின் பால் பைக்கில் அங்கே போய், வேறு கேனுக்கு மாறி, வேன் ஏறி, சோலைச்சாமியின் பாய்லருக்கே திரும்புகிறது. கொஞ்சம் மலிவாக. கச்சா எண்ணெயும் இப்படித்தான் ஊர் மாறிப் பேர் மாறும் என்று டிவியில் சொன்னார்கள்.

தெரு முழுக்க அந்தப் பாலைத்தான் குடிக்கிறது. ஆவுடைத்தாயும்.

5

முடிவு அ: பெருமாள்சாமி முள்ளை எடுக்கிறார். (எழுதிப் பார்த்தேன். அவரே நம்ப மாட்டார்.)

முடிவு ஆ: மழை. (எழுத மனசில்லை.)

ஆகவே நீங்கள் வாருங்கள். கிழக்கே மேகம் கட்டியிருக்கிறது. கடை பெஞ்சில் ஆவுடைத்தாய்க்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, உட்காருங்கள். பால் எங்கிருந்து வருகிறது என்று இப்போது உங்களுக்கும் தெரியும், அவளுக்குத் தெரியாது. சோலைச்சாமி டம்ளரை நீட்டுகிறான். நல்ல டீ, மறுப்பதற்கில்லை.

கையில் வைத்துக்கொண்டே இருக்கிறீர்களே என்று ஆவுடைத்தாய் உங்களைத் திரும்பிப் பார்க்கிறாள்.

"குடிங்க," என்கிறாள், "ஆறிரப் போவுது."