மூன்று பந்து வித்தியாசம்

கால்பந்து கிளப்பில் அவரைப் 'புள்ளி' என்றுதான் கூப்பிடுவார்கள். புள்ளிவிவரம் பார்க்கிற ஆள் என்பதால் வந்த பெயர். ஏதோ பெரும்புள்ளி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு கணினி, கால் ஆடும் ஒரு நாற்காலி, அவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம்.

அங்கே உட்கார்ந்து அவர் செய்த பாவம் ஒன்றே ஒன்று. உடை மாற்றும் அறைச் சுவரில் வாராவாரம் ஒட்ட ஒரு தாள் தயாரித்தார். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் எதிரே ஒரு சதவீதம். எத்தனை பந்துகளை வைத்து அந்தச் சதவீதம் என்று பக்கத்திலேயே ஒரு கட்டமும் போட்டிருந்தார். "ஆளுக்கு ஒரு நம்பர் போதும்யா, படிக்கிறதுக்குள்ள கண்ணு பூத்துடுது" என்றார் கோச். புள்ளியும் மறுபேச்சு பேசாமல் கட்டத்தை அழித்துவிட்டார்.

இந்த வாரத் தாளின் கடைசி வரியில் நிற்பவர் கோல்கீப்பர். தடுத்த பந்துகள் அறுபத்தைந்து சதவீதம். புள்ளியின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன், வயது முப்பத்தாறு. இன்று மாலை மேட்சில் அவரை வெளியே உட்கார வைத்தால் அடுத்த வருஷ ஒப்பந்தம் கிடையாது. அந்த வயதுக் கோல்கீப்பரை வேறெந்த கிளப்பும் ஏறெடுத்துப் பார்க்காது. "எங்கண்ணன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டு எந்த முகத்தோட வீட்டுக்கு வருவீங்க?" என்று காலையில் மனைவி கேட்டாள்.

மூன்று மணிக்குள் கோச் ஆடுகிறவர்களின் பெயர்ப்பட்டியலைக் கொடுக்க வேண்டும். இரண்டரைக்குப் புள்ளி அவர் அறைக்குள் போனார்.

"சார், எட்டு மேட்ச்ல நாப்பது ஷாட் வந்திருக்கு. இருபத்தாறைத் தடுத்திருக்கார். அவரோட பழைய கணக்குப்படி இருபத்தொம்பது தடுத்திருக்கணும். மூணே மூணு பந்து சார் வித்தியாசம்! காசைச் சுண்டிப் போட்டா நாலு தடவை தொடர்ந்து பூ விழறதில்லையா? அது காசோட குத்தமா?"

"அப்போ எல்லாம் நேரம் சரியில்லைங்கிற?"

"பெரும்பாலும் அப்படித்தான் சார் இருக்கும்."

"அதைச் சொல்ல ஜோசியர் போதுமே, நீ எதுக்கு? முதலாளிக்கு ஒரு ஆளைக் காட்டியாகணும்யா. இத்தனை மேட்ச் தோத்ததுக்கு ஒரு ஆள்!"

கோச் பேனாவைத் திறந்தார். பேனா கோல்கீப்பர் பெயரை நோக்கிப் போனது.

"கோல் எல்லாம் இடது பக்கத்துலேர்ந்துதான் சார் வருது" என்றார் புள்ளி, தன்னையும் மீறி. "கடைசி ஏழு கோல்ல அஞ்சு அந்தப் பக்கம். அங்க ஒல்லி வந்தப்புறம்தான்."

ஒல்லி இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். வந்து மூன்று மேட்ச்தான் ஆகிறது. மூன்று மேட்ச்சை வைத்து ஒரு மனிதனைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று புள்ளிக்கு நன்றாகத் தெரியும். நாற்பது பந்தே போதாது என்று இப்போதுதான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறார். எத்தனை மேட்ச் என்று கோச் ஒரு வார்த்தை கேட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தார்.

கோச் கேட்கவில்லை. "இது கணக்கு!" என்று மேஜையைத் தட்டினார். ஒல்லியின் பெயர் மேல் கோடு விழுந்தது.

வெளியே கோல்கீப்பர் கையுறையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார். "மாப்பிள்ளை, என்னாச்சு?"

"நீங்கதான் ஆடுறீங்க மச்சான்."

அந்தப் பெரிய உடம்பு ஒரு நிமிடம் குலுங்கியது. புள்ளியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். பிறகுதான் கேட்டார், "அப்போ யாரை எடுத்தாங்க?"

"ஒல்லியை."

"அவனையா? பாவம், அவன் வந்து மூணு மேட்ச்தானே ஆகுது! அதுக்குள்ள அவனைப் பத்தி என்ன தெரியும்? எவன் மாப்பிள்ளை இந்தக் கணக்கைப் போட்டான்?"

கேட்ட பிறகுதான் அவர் புள்ளியின் முகத்தைப் பார்த்தார். தோளிலிருந்து கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.